ஆடியது கிரீடம்தான்

அடியே, இந்த நேரத்தில் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். நாளைக்குக் கட்ட ஒரு சேலை தேடி டிரங்குப் பெட்டியைக் கிளறியபோது உன் கிரீடம் அகப்பட்டது. பழைய தேயிலைப் பெட்டியில் உரித்த ஈயத்தாளில் நீயே வெட்டி ஒட்டியது. நீ செத்துப்போய் இரண்டு வருஷமாகிறது. அதில் தேயிலை வாசம் இன்னும் போகவில்லை.

நாளைக் காலை தோட்டத்துத் துரை கூட்டம் வைக்கிறார். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் நம் பிள்ளைக்காம்பராவை மூடிவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவுக்கு அனுப்பப் போகிறார்களாம். முடிவெடுத்தாயிற்று, அறிவிப்பதற்குத்தான் கூட்டம். மழை நாளில் அந்த ஒற்றையடிப் பாலத்தில் என் பாப்பாவை எப்படி அனுப்புவேன்? "படிச்சவ நீதானே, நீயே பேசு" என்று எல்லோருமாக என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அதனால்தான் உன் மலைராணி நினைவுக்கு வந்தாள். காலேஜ் லீவில் நமுனுகுலவில் நம் தோட்டத்துத் திருவிழாவுக்கு நீ எழுதிய நாடகம். கோட்டைக்குள் அடைக்கலம் வந்தவர்களை விட்டுக்கொடுத்தால் ராணி பிழைத்துக்கொள்ளலாம். விடிந்தால் சாவு என்று தெரிந்தே கதவைத் திறக்க மறுக்கிறாள். ராணி நீ. எதிரி ராஜா நம் கங்காணி. மீசை அவருக்குத்தானே இருந்தது! அதுதான் நாம் செய்த தப்பு. தினமும் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு எல்லோரையும் விரட்டி வேலைக்கு அனுப்புகிறவர் கையில் வாளோடு வந்து நின்றால், பார்க்க வந்தவர்கள் சும்மா விடுவார்களா?

"யோவ் கங்காணி! பெரட்டுல கத்துறது பத்தாதா? இங்கயும் வந்து பொம்பளப் புள்ளய மெரட்டுறியா?"

"நேத்து எனக்கு அரைப்பேர் போட்டு பாதிக் கூலிய வெட்டுன ஆளுதானே, வாளப் புடுங்குங்கடி!"

கங்காணி வாளைப் போட்டுவிட்டுக் கும்பிட்டார். "ஆத்தா, இது நாடகம்! நான் ஜெயிக்கணும்னு இந்தப் புள்ளதான் எழுதியிருக்கு!"

சிரித்துச் சிரித்து உனக்குச் சாகவே வரவில்லை.

மறுநாளும் ஆடச் சொன்னார்கள், ராணி ஜெயிக்க வேண்டும் என்ற கண்டிப்போடு. நீ ஒப்பவில்லை. "ஜெயிப்போம்னு தெரிஞ்சா யாரு வேணா கதவத் தொறக்க மாட்டேன்னு சொல்லலாங்க. தோத்துருவோம்னு தெரிஞ்சும் இவ சொல்றா பாருங்க, அதுக்குத்தான் கதையே."

அவ்வளவு பேசியவள்தான், அன்று மறுபடி மேடையேறும் முன் படுதாவுக்குப் பின்னால் நான் கிரீடம் வைத்துவிட்டபோது ஈயத்தாள் சலசலக்க நின்றாய்.

"பயமாடி?"

"கிரீடந்தாண்டி ஆடுது, நானில்ல" என்றாய், என் விரல்களை நசுக்கிக்கொண்டே.

நாளைக்கு அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போகிறேன். காம்பராவை மூடத்தான் போகிறார்கள். ஆனாலும் அந்தப் பாலத்தைப் பற்றித் துரையின் முகத்துக்கு நேரே சொல்லாமல் நான் உட்காரப்போவதில்லை. நடுங்கினால், சேலைதான் ஆடுகிறது என்று சொல்லிக்கொள்வேன்.

உயிரோடிருந்தபோதே ஒரு மெசேஜுக்குப் பதில் போட உனக்கு ஒரு வாரம் வேண்டும். இந்த ஒரு தடவையாவது சீக்கிரம் பதில் போடு.