வராத கார்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறார்களா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

என் அறையில் இருக்கும் வெல்டருக்கும் உங்களைப் போலவே ரேடியோ பைத்தியம். ராத்திரியானால் இரைச்சலுக்குள் காதை வைத்து, தூரத்து ஸ்டேஷன்களைத் தேடுவார். "பேய் பிடிக்கிறீங்களாண்ணே?" என்று கிண்டல் செய்வோம். எதை, எத்தனை மணிக்குக் கேட்டார் என்று அந்த ஸ்டேஷன்களுக்கே எழுதிப் போட்டிருந்தார். நீங்கள் கேட்டது எங்கள் ஒலிபரப்பைத்தான் என்று போன வாரம் ஒரு ஸ்டேஷனிலிருந்து கார்டு வந்தது. மனுஷன் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அப்பா, நான் எட்டாவது படிக்கும்போது, நீங்களும் அப்படி ஒரு ஸ்டேஷனுக்கு எழுதி, தபாலில் போடச் சொன்ன கடிதத்தை நான் போடவில்லை. விளையாடப் போன இடத்தில் மழையில் கூழாகிவிட்டது. அடிக்குப் பயந்து, "போட்டுட்டேம்பா" என்றேன். கார்டு வந்ததா என்று ஒரு வருஷம் தபால்காரரைக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். கடைசியில், "நான் கேட்டதுதான் தப்பா இருக்கும்" என்று ஏரியல் கம்பியை அவிழ்த்துவிட்டீர்கள். அம்மா அதைத் துணிக்கொடி ஆக்கினார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

அம்மாவுக்கு நைலான் கயிறு வாங்கிக் கொடுத்துவிட்டு, கம்பியை மறுபடி மாடியில் கட்டுங்கள். எந்த ஸ்டேஷன் கிடைத்தது என்று எனக்கும் எழுதுங்கள்; நானும் இங்கே அதையே தேடுகிறேன்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. ஸ்டேஷனுக்கு எழுதும் கடிதத்தை, முழங்கால் வலிக்கிறதே என்று யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். நீங்களே போய்ப் போடுங்கள்.

உங்கள் மகன்