உன் கதிரையிலிருந்து கேட்கிறேன்

இன்று காலை படியேறும்போதே வினாகிரி நெடி மூக்கில் ஏறியது. ஆய்வுகூடத்தில் யாரோ, புரதங்களைக் கோடுகோடாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லின் சாயத்தை அசற்றிக் அமிலத்தில் கழுவிக்கொண்டிருந்தார்கள். நீ இருந்திருந்தால், "யார்ட ஊட்டு அச்சாறு இது?" என்று தாழ்வாரம் முழுக்கக் கேட்கக் கத்தியிருப்பாய்.

திகனவிலிருந்து நீயும் நாவலப்பிட்டியிலிருந்து நானும் வந்து ஒரே வகுப்பில் உயிர் இரசாயனம் படித்தோம். அதே துறையில் விரிவுரையாளர்களும் ஆனோம். மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் பொறுப்பு வந்தபோது நாங்கள் எல்லோரும் வேலை இருக்கிறதென்று நழுவ, நீ மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாய். உனக்கு வாய் சும்மா இராது, அதற்கு ஒரு வழி கிடைத்துவிட்டது என்று கேலி செய்தேன்.

ஆனால் உன் ஆலோசனை அறையில் நீ பேசியது குறைவு. விடுமுறையில் ஆய்வு செய்ய இடம் கேட்டு வரும் பிள்ளைகளின் புள்ளிகளை நீ முதலில் பார்க்கமாட்டாய். "எந்த ப்ராக்டிகல் ஒங்களுக்குப் பிழையாப் போச்சி? அதச் செல்லுங்க" என்பாய். பாதிப் பேர் முழிப்பார்கள். எதுவுமே பிழையாகவில்லை என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்களுக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவாய். மேல்வகுப்பிலிருந்து கைமாறி வரும் 'சரியான' அளவீடுகளைப் பார்த்து எழுதுவது நம் காலத்திலிருந்தே இருக்கும் வழக்கம். உனக்கு அது ஒருநாளும் பிடித்ததில்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த அந்தப் பிள்ளையின் நொதியச் செய்முறை நினைவிருக்கிறதா? வகுப்பு முழுவதன் வரைபும் ஒரே மாதிரி அழகாக ஏறி இறங்க, அவளுடையது மட்டும் தரையோடு தரையாகக் கிடந்தது. 'நொதியத்தை ஐஸுக்கு வெளியே மறந்து வைத்துவிட்டேன், அதனால் செயலிழந்திருக்கலாம்' என்று கீழே எழுதியிருந்தாள். புள்ளி குறைந்தது. அந்த விடுமுறைக்கு இருந்ததோ ஒரேயோர் இடம். அது கிடைக்காவிட்டால் ஆய்வு ஆசையை விட்டுவிட்டு, கண்டியில் ஏதாவது கடையில் வேலை தேடுவதென்று அவள் முடிவு செய்திருந்தாள்.

இடத்தை யாருக்குக் கொடுப்பதென்று முடிவு செய்யும் துறைக் கூட்டத்தில் ஒருவர், "புள்ளி குறஞ்ச பிள்ளைக்கோ குடுக்கிறது?" என்று இழுத்தார்.

நீ எழுந்து நின்றாய். "கிளாஸ் முழுக்க ஒரே கோட்டக் கீறி ஈக்கி. இந்தப் புள்ள மட்டும்தான் கண்டத எழுதி ஈக்கி. எனக்கு இவதான் வேணும்."

இடம் அவளுக்கே கிடைத்தது. இவள் என் கூட்டாளி என்று அந்த நிமிடம் எனக்கிருந்த பெருமையை உன்னிடம் நான் சொன்னதேயில்லை. இப்போது சொல்கிறேன்.

அவள் ஆய்வு முடியுமுன் நீ படுக்கையில் விழுந்தாய். கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோதும், "அந்தப் புள்ளக்கு ஜெல் வந்திச்சா?" என்றுதான் கேட்டாய். இன்னும் இல்லை என்றேன். "வராட்டி, வரல்லண்டு எழுதச் செல்லு."

இன்றைய வினாகிரி நெடி அவளுடையதுதான். இப்போது அவள் இங்கேயே முதுமாணி ஆய்வு செய்கிறாள். இரண்டாம் வருடப் பிள்ளைகள் சுற்றி நிற்க, என்னைக் கண்டதும் தலை நிமிர்ந்து சொன்னாள். "மிஸ், நாம எதிர்பார்த்த கோடு வரலைங்க. பஃபர் கரைசல் கலக்குனதுல நான்தான் தப்பு பண்ணிட்டேன். மறுபடி ஓட்டுறேன்." அந்தப் பிள்ளைகள் அவளை வியப்போடு பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

பின்னேரம் அவர்களில் ஒருத்தி ஆய்வுக்கு இடம் கேட்டு வந்தாள். உன் அறையில், உன் கதிரையில் இப்போது நான்தான் இருக்கிறேன். அவள் நீட்டிய புள்ளித்தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"எந்த ப்ராக்டிகல் ஒங்களுக்குப் பிழையாப் போச்சி? அதச் செல்லுங்க."

நாவலப்பிட்டிக்காரியான என் வாயில் உன் ஊர்ப் பேச்சு அப்படியே வந்து விழுந்தது. அவள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, சொல்லத் தொடங்கினாள்.