கறுப்பு நூல்

சிவமயம்

புத்தூர்,
21.2.1993

அன்புள்ள தம்பி சண்முகநாதனுக்கு,

அக்கா எழுதுகிறேன். சுகமாக இருக்கிறோம் என்று எழுதப் பேனா போகுதில்லை. இருக்கிறோம், அவ்வளவுதான். நீயாவது குளிருக்குத் தலையை மூடி, வேளைக்குச் சாப்பிட்டு, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நல்லூரானைக் கேட்டுக்கொள்கிறேன். மார்கழியில் நீ ஜேர்மனியிலிருந்து போட்ட கடிதம் கொழும்பில் கிடந்து, வவுனியாவில் கிடந்து, போன கிழமைதான் என் கைக்கு வந்தது. நமசிவாயம் மாஸ்டர் பென்சன் அலுவலாக நாளைக்குக் கிளாலிக் கடலால் வள்ளத்தில் ஏறிக் கொழும்புக்குப் போகிறார். அவர் இதை அங்கே தபாலில் போடுவார்.

குணலட்சுமியைப் பற்றிக் கவலைப்படாதே. உன் பெண்சாதியை அந்த வீட்டில் தனியே விட எனக்கு மனமில்லை, அதனால் ஆஸ்பத்திரி குவாட்டர்ஸை விட்டு இங்கேயே வந்துவிட்டேன். சவுக்காரம் விற்கிற விலைக்குப் பனம்பழத்தில்தான் உடுப்புத் தோய்க்கிறாள். இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டு மூன்று கோப்பையில் போடுகிறாள். அந்த மூன்றாவது கோப்பைச் சோற்றையும் நானே சாப்பிட்டு விடுகிறேன்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். "அக்கா, நீ பக்கத்திலை நிண்டதுதான் எனக்கு ஆறுதல். என்ரை பிள்ளை உன்ரை கையிலைதானே போனவள். உன்னாலை ஏலுமானதெல்லாம் செய்திருப்பாய்" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு நன்றி சொல்லியிருக்கிறாய். கடைசியாக ரூபி என்ன சொன்னவள் என்றும் கேட்டிருக்கிறாய். தம்பி, நீ என்னைத் திட்டி எழுதியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். உன் நன்றியை வாங்கி வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். இருந்து வாசி.

போன வருடம் ஆவணியில் நீ எழுதியது நினைவிருக்கும். பொம்பர் விமானச் சத்தம் கேட்டால் ரூபி சாப்பிடுகிறாள் இல்லை, படுக்கையை நனைக்கிறாள் என்று குணம் உனக்கு அறிவித்திருந்தாள். வைரவர் கோயிலில் ஒரு நூல் கட்டிவிடச் சொல்லி நீ என்னைக் கேட்டாய். இருபது வருடம் ஆஸ்பத்திரியில் மிஸியாக நோயாளரைப் பார்க்கிறவளிடம் நூல் கட்டச் சொல்கிறான் பார் என்று உன்னை நல்லாக ஏசினேன். ஏசிவிட்டு ரூபியைக் கூட்டிக்கொண்டும் போனேன். தம்பிராசா பூசாரியார் விபூதி போட்டுப் பார்வை பார்த்து, ஒன்பது முடிச்சுப் போட்ட கறுப்பு நூலை அவளுடைய இடது கையில் கட்டினார். திரும்பி வரும்போது, "உது கையிலை இருக்குமட்டும் பயம் வராது, இனி அழக்கூடாது, சரியோ" என்று சைக்கிளில் வைத்துச் சொன்னவள் நான்தான். ஓம் மாமி என்றாள்.

அதே மாதம்தான் ஆஸ்பத்திரியில் எனக்கு இன்னொரு யோசனை வந்தது. குண்டு விழுந்தால் காயக்காரர் ஒரேயடியாக வந்து குவிவார்கள். டொக்டர் ஒருவர், தியேட்டரில் மேசை ஒன்று, ஜெனரேட்டருக்கு மண்ணெண்ணெய் இரண்டு மணித்தியாலத்துக்கு. யாரை முதலில் தூக்குவது, யார் பொறுக்கலாம், யாரைத் தூக்கியும் பிரயோசனமில்லை என்று வாசலிலேயே பிரித்தாக வேண்டும். முன்பு பிளாஸ்டரில் எழுதி ஒட்டினோம். பிளாஸ்டர் வருவது நின்றுபோனது. நான் என் பழைய சேலைக்கரையைக் கிழித்துக் கையில் கட்டச் சிவப்புத் துண்டு செய்தேன், அது உடனே தியேட்டருக்கு. பன்டேஜ் துணியில் வெள்ளை, அது பொறுக்கக்கூடியவர்களுக்கு. மூன்றாவது ஆட்களுக்குக் கறுப்பு என்றேன். எங்கள் வீடுகளில் கறுப்புத் துணி யார் வைத்திருக்கிறார்கள்? தையல் பெட்டியிலிருந்த கறுப்பு நூல்கட்டையை எடுத்தேன். கறுப்பு நூல் கட்டினவரை விறாந்தையில் கிடத்தி, ஏலுமென்றால் நோவுக்கு ஊசி போட்டு விட்டுவிட வேண்டும்.

எங்கள் அற்றெண்டன் கனிசியஸ், குருநகர்க் கத்தோலிக்கன், அப்போதே கேட்டான்: "மிஸி, உங்கடை ஆக்கள் கையிலை கறுப்பு நூல் கட்டுறவையெல்லே?" நான் சுள்ளென்று விழுந்தேன். கோயில் நூலில் முடிச்சு இருக்கும், இதில் இராது, உனக்குக் கண் இருக்குத்தானே என்றேன். அவன் குனிந்து நூலைத் துண்டு துண்டாக வெட்டத் தொடங்கினான்.

இன்னொரு சட்டமும் நான்தான் போட்டேன். ஆடியில் ஷெல் விழுந்தபோது நடராசா என்ற இன்னொரு அற்றெண்டன் தன் மச்சானைக் கண்டுவிட்டு, தள்ளிக்கொண்டு வந்த ட்ரொலியை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். ட்ரொலியில் இருந்த மனுசி அந்த இடத்திலேயே முடிந்துபோனது. அன்றைக்கு எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன், முகத்தைப் பார்க்கக்கூடாது, கையைப் பார், காயத்தைப் பார், முகம் கடைசி என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். நான் சொன்னால் ஆஸ்பத்திரியில் மறுபேச்சு இல்லை என்பது உனக்குத் தெரியும்.

ஐப்பசியில் அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிபோல் சந்தியில் குண்டு விழுந்தது. ரூபி ரியூசனுக்குப் போயிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். உழவு இயந்திரத்தில், சைக்கிள் கரியரில், ஒருவரை வீட்டுக் கதவில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். எல்லோர் முகமும் சீமெந்துத் தூளில் ஒரே சாம்பல் நிறம். வாசலில் நின்று நானும் மற்ற மிஸியும் கட்டிக்கொண்டே போனோம். உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து கடைசியாக இறக்கின பிள்ளையை நான் பார்க்கவே இல்லை. கனிசியஸ் தூக்கினான். கையில் கறுப்பு நூல் கண்டான். மிஸி பார்த்துக் கட்டிவிட்டார் என்று நினைத்து, நான் சொல்லிக் கொடுத்தபடியே விறாந்தையில் கொண்டுபோய்க் கிடத்தினான்.

இரண்டு தரம் நான் அந்த விறாந்தையால் போனேன். இரண்டு தரமும் கையைத்தான் பார்த்தேன். முடிச்சுப் பார்க்க எனக்கு நேரமில்லை. கனிசியஸ் ஒருக்கால் ஓடிவந்து, விறாந்தையில் ஒரு பிள்ளை தண்ணி கேட்குது என்றான். பஞ்சை நனைத்துச் சொண்டில் வை, கறுப்புத்தானே என்றேன். சண்முகநாதா, இப்படித்தான் சொன்னேன். எழுதிவிட்டேன், இனி இதை அழிக்க மாட்டேன்.

மூன்றாம் தரம் ஊசியோடு நானே போனேன். ஊசி போடக் கையைத் தூக்கினபோதுதான் விரலில் முடிச்சுத் தட்டுப்பட்டது. முகத்தைப் பார்த்தேன். வெளியில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை, வயிறு மட்டும் வீங்கிக் கல்லுப்போல் இருந்தது. கண் முழித்துப் பார்த்தாள். நீ கேட்டாயே, கடைசியாக என்ன சொன்னவள் என்று. "மாமி, நான் அழேல்லை" என்றாள். பாராட்டுவேன் என்று நினைத்தாளாக்கும்.

பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே நான் சொல்லிக் கொடுப்பது ஒன்று உண்டு. வாய்விட்டுக் குழறி அழுகிறவனுக்கு மூச்சு இருக்கிறது, அவன் கொஞ்சம் பொறுப்பான். சத்தம் போடாமல் கிடக்கிறவனிடம் முதலில் ஓடு என்பேன். அவள் சத்தம் போடாமல் கிடந்தாள். சத்தம் போடாதே என்று சொல்லிக் கொடுத்தவளும் நான், சத்தமில்லாதவளைத் தாண்டிப் போனவளும் நான்.

நானே தூக்கிக்கொண்டு தியேட்டருக்கு ஓடினேன். என் இரத்தம் பொருந்தும், ஒரு போத்தல் எடுத்தார்கள். மண்ணீரல் கிழிந்து உள்ளுக்குள்ளேயே ஓடியிருந்தது. டொக்டர் கையைக் கழுவிக்கொண்டு, அரை மணித்தியாலம் முந்திக் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார். பிள்ளை யார் என்றும் அவருக்குத் தெரியாது, ஏன் பிந்தியது என்றும் தெரியாது. நான் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த ஆளுக்குச் சிவப்புக் கட்டப் போனேன். இன்னும் பதினொரு பேர் வெளியே இருந்தார்கள்.

நூல் கட்டச் சொன்னது நீ என்று உன் மனம் ஒரு நாளும் அந்தப் பக்கம் போகக்கூடாது. தகப்பன் கேட்டது பிள்ளைக்குப் பயம் தெளிய. அந்த நிறத்தைச் சாவுக்கு எடுத்தவள் நான். எச்சரித்தவனை வாயை மூடப் பண்ணினவளும் நான். கனிசியஸ் இன்று வரைக்கும் "நான் அப்பவே சொன்னனான்" என்று ஒரு சொல் சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போகிறான். அவன் ஏசினால் எனக்குச் சுகமாக இருக்கும்.

குணத்துக்கு இது ஒன்றும் தெரியாது. அந்த நூலை நான்தான் வெட்டிக் கழற்றிக் கொடுத்தேன். அதை விபூதிப் பேணிக்குள் வைத்திருக்கிறாள். வருகிற ஆட்களிடம், "மச்சாள் கட்டிவிட்ட நூலாலைதான் என்ரை பிள்ளை பயமில்லாமல் போனவள்" என்று சொல்கிறாள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு நீ எழுதாதே. அவளிடம் மிச்சமாக இருப்பது அது ஒன்றுதான். அதையும் நான் பிடுங்கக்கூடாது.

இப்போது ஆஸ்பத்திரியில் நூல் இல்லை. காயத்துக்குப் பூசுகிற ஊதா மருந்தைத் தொட்டு நெற்றியில் எழுதுகிறோம். எழுதுவதற்கு ஒவ்வொரு முகத்தையும் பார்த்தே ஆக வேண்டும். வேலை பிந்துகிறது. பிந்தட்டும். வேலையை விட்டுவிடலாம் என்று இரண்டு கடிதம் எழுதினேன், கொடுக்கவில்லை. என்னைவிட்டால் இன்னும் ஒரே ஒரு மிஸிதான் இருக்கிறாள், அவளும் இப்போது பிள்ளைத்தாச்சி.

தம்பி, இதை வாசித்த பிறகு நீ என்னை அக்கா என்று கூப்பிடுவாயோ தெரியாது. மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை, கேட்கவும் இல்லை. நீ சின்ன வயதிலேயே கோபம் வந்தால் கதவைப் பூட்டிக்கொண்டு மூன்று நாள் கதையாமல் இருக்கிறவன். அங்கே அந்த அறையில் தனியே அப்படி இருந்துவிடாதே. ஏசி எழுது, சாபம் போட்டு எழுது. இல்லாவிட்டால் உன்னோடு இருக்கிற பொடியன்களுக்கு முன்னாலேயே வாய்விட்டுக் குழறு. வைரவர் உன்னைக் காப்பாராக. குழறுகிறவன் பிழைப்பான், அப்பு. சத்தம் போடாமல் மட்டும் கிடவாதே.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
செல்வநாயகி