எண்ணெய்க்குப் போன பிள்ளைக்கு ஓர் இலை

அக்கா,

இன்று காலை அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றும்போது கையில் கொஞ்சம் சிந்திவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை. அந்தக் கையோடுதான் இதை எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துப் பிழை இருக்கும். இருந்தால் என்ன, உங்கள் பாட்டன் பூட்டன் தமிழர்தான், ஆனாலும் உங்களுக்கு எப்படியும் தமிழ் படிக்கத் தெரியாது. நீங்கள் மலாயில் பேசினீர்கள், நான் மலாயும் தமிழும் கலந்து பதில் சொன்னேன், அப்படியே சண்டை போட்டுக் காலம் ஓட்டினோம். இப்போது பாதிச் சண்டையில் எழுந்து போய்விட்டீர்கள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வருகிறது.

இந்த வாடை வந்தாலே அந்தச் சண்டைதான் ஞாபகம். எகிப்தில் கால்வாய்க்காக வெள்ளைக்காரன் படையோடு போய் இறங்கிய சமயம். நம் காஜா பெராங் தெருக் கடைகளில் மண்ணெண்ணெய் விலை ஏறிவிட்டது. என் வீட்டுக்காரர் எண்ணெய்ப் பீப்பாய் ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். ஆற்றங்கரையில் படகிலிருந்து பீப்பாய் இறக்கும் இடத்தில் கேட்டதையெல்லாம் வீட்டில் வந்து சொல்வார். "அந்தக் கால்வா வழியாத்தான் அவனுக்கு எண்ணெக் கப்பல் போவுது. தொண்டையில கைய வெச்சா சும்மா இருப்பானா?" என்றார். நான் அதை அப்படியே தூக்கி வந்து உங்கள் அடுப்படியில் கொட்டினேன்.

நீங்கள் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தீர்கள். தலை நிமிரவில்லை. "மானா அடா, அடிக்! அப்படி எங்க உண்டு, தங்கச்சி? எண்ணெ வேணும்னா கடைக்குப் போவாங்க. பட்டாளத்தையா அனுப்புவாங்க?" என்று சிரித்தீர்கள். அத்தனை வருஷம் துரை வீட்டில் ஆயாவாக இருந்தவர் நீங்கள். பெரிய தேசம் ஒன்று காரணம் இல்லாமல் கை நீட்டாது, நீட்டினால் அதில் நியாயம் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை உங்களுக்கு. நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். யார் எதற்குக் கடல் தாண்டி வந்தார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். "நம்ம மூஞ்சியப் பாக்கவா கப்பலேறி வந்தாங்க?" என்று கேட்டேன். "உன் வாயில இந்தச் சம்பலத்தான் வைக்கணும்" என்றீர்கள். அதுவரை அது விளையாட்டு.

பிறகு செய்தி வந்தது. பிறந்த நாள் முதல் நீங்கள் மடியில் வைத்து வளர்த்த பிள்ளை, ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் மேம் கப்பலில் கூட்டிக்கொண்டு போன பிள்ளை, வளர்ந்து பட்டாளத்தில் சேர்ந்து அந்தக் கால்வாய்க் கரையில் செத்துப் போனான். அவனுக்கு அவர்கள் வைத்த பெயர் என்னவோ, எனக்குத் தெரியாது. நீங்கள் கூப்பிட்டது அவாங். யுத்தம் முடிந்து திரும்பி வந்திருந்த மேமே உங்களை உட்காரவைத்துச் சொன்னாராம். தெங்கேரா தாண்டி இருந்த அந்தப் பங்களாவிலிருந்து வெயிலில் நடந்தே வந்தீர்கள். என் வாசலில் நின்று, "நியாயத்துக்காகச் செத்தானாம், மேம் சொன்னாங்க" என்றீர்கள். அப்புறம் என் முகத்தையே பார்த்தீர்கள்.

நான் தண்ணீர்ச் செம்பை நீட்டினேன். அதுவும் உங்களுக்குப் பொறுக்கவில்லை. "சொல்லேன். எண்ணெக்குன்னு சொல்லேன், பாப்போம்" என்று கத்தினீர்கள். தெருவே திரும்பிப் பார்த்தது.

அந்தப் போகிக்கு உங்கள் கம்போங் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு பார்ச்சு. செத்துப்போனவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து, வாழை இலை போட்டுப் படைத்து, விளக்கேற்றுவீர்கள். நான் தேங்காய் துருவ வந்திருந்தேன். விறகு அடுப்பில்தான் படையல் சோறு வேக வேண்டும் என்று புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றீர்கள். பெரியவர்களின் இலைகளுக்குக் கடைசியில் இன்னும் ஒரு சின்ன இலை. அதில் தேங்காய்ப்பால் சோறு, மேலே சீனி. மேமுக்குத் தெரியாமல் அடுப்படியில் ஒளித்து நீங்கள் அவனுக்கு ஊட்டிய சோறு. உங்கள் தம்பிக்கு முகம் கறுத்துவிட்டது.

"வெள்ளைக்காரனுக்கு நம்ம தாத்தா பக்கத்துல இலையா?"

"அவன் தின்னது என் கையில. வேற எங்க போயித் தின்பான்?"

அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நீங்கள் விடவில்லை. இலை எடுக்கும்போது பக்கத்தில் வந்து, "அடிக், இவங்க போனதாலதானே அந்தக் கால்வா அடைஞ்சி போச்சி? கப்பல முழுக்கி வெச்சிருக்காங்கன்னு உன் புருஷன்தானே சொன்னாரு. கெணத்துத் தண்ணிக்குப் போறவன் கெணத்த மூடுவானா?" என்றீர்கள். எத்தனை நாள் யோசித்து வைத்திருந்தீர்களோ.

என் வீட்டுக்காரரைக் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "மூடணும்னா போனான்? புடுங்கப் போனான், மேலயே இடிஞ்சி விழுந்திடுச்சி. அவனுக்கும் மேல பெரிய தேசத்துக்காரன் ஒருத்தன் இருக்கான் பாரு, காசும் கெடையாது எண்ணெயும் கெடையாதுன்னுட்டான். ஒடனே மூட்டையக் கட்டிட்டான். நியாயத்துக்குப் போனவன் எண்ணெ இல்லன்னா ஏன் திரும்புறான்?"

இதை உங்களிடம் வந்து சொன்னேன். நீங்கள் மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் தட்டிலேயே வைத்தீர்கள். "அப்ப திரும்பி வர்றதுக்கா என் பிள்ளைய அனுப்புனாங்க?" என்றீர்கள். கேள்வி என்னிடம் இல்லை என்று தெரிந்தது. யாரிடம் கேட்பது அதை? துரையிடமா? மேமிடமா? அவர்களுக்கு மட்டும் யார் சொல்லியிருப்பார்கள்?

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வந்தபோது பழையபடி கொஞ்சம் தெம்பு வந்தது உங்களுக்கு. "பாத்தியா, துரைங்க போறாங்க. ரப்பர் மரம் இங்கதானே நிக்குது? ரப்பருக்கு வந்தவன் விட்டுட்டுப் போவானா?" என்றீர்கள். "துரைதான் போறாரு. கம்பெனி போவலியே" என்றேன். "இரு, இரு, இதுக்கும் பதில் வெச்சிருக்கேன்" என்று விரலை ஆட்டினீர்கள். அந்தப் பதிலைச் சொல்லாமலே மழைக் காலத்தில் காய்ச்சலில் போய்விட்டீர்கள். என்ன பதில் அது? இருந்ததா, சும்மா சொன்னீர்களா?

இன்று போகி. உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்களுக்கே இலை போட்டிருந்தார்கள். சம்பல், மீன், வெற்றிலைகூட மறக்கவில்லை. கடைசி இலை மட்டும் இல்லை. தம்பியிடம் கேட்டேன்.

"அது அவளோட முடிஞ்சிது. துரைமாரெல்லாம் போயாச்சி. அதோட, நீதானே எப்பவும் சொல்வ, எண்ணெக்குச் செத்தவன்னு? அப்படிச் செத்தவனுக்கு எங்க வீட்டுல எதுக்கு இலை?"

என் வார்த்தையை எடுத்து என் மேலேயே எறிந்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. படையை அனுப்பியவனைத்தான் நான் சொன்னேன், போன பிள்ளையைச் சொல்லவில்லை என்று அவருக்கு எப்படி விளங்கவைப்பது? உங்களுக்கே நான் அதை விளங்கவைக்கவில்லையே.

வீட்டுக்கு வந்தேன். தேங்காய் துருவிப் பால் பிழிந்தேன். இப்போதும் என் பேச்சில் மாற்றம் இல்லை, அக்கா. அந்தப் படை எண்ணெய்க்குத்தான் போனது. இனிமேல் எந்தப் பெரிய தேசம் எங்கே போய் நியாயம் பேசினாலும், அங்கே மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது, அந்த வழியாக என்ன போகிறது என்றுதான் முதலில் கேட்பேன். நீங்கள் வந்து எதிர்த்துப் பேசும்வரை இது இப்படியே என்னிடம் இருக்கும். அந்தப் பிள்ளையும் இனி என்னோடுதான் இருப்பான்.

சின்ன இலை போட்டு, சோறு வைத்து, சீனி தூவி, அவாங் என்று கூப்பிட்டேன். முகம் தெரியாத பிள்ளை.

விறகு கிடைக்கவில்லை. அவனைக் கொண்டுபோன எண்ணெயில், மண்ணெண்ணெய் அடுப்பில்தான் வைத்தேன். அதிலும் சோறு நன்றாகவே வெந்துவிட்டது, அக்கா. அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.