கிள்ளானுக்குப் போன மதர்போர்டு

22 செப்டம்பர் 2025, திங்கள்

இன்றைக்கும் அதே எச்சரிக்கை. கம்ப்யூட்டரைத் திறந்ததும் திரை முழுக்க நீல நிறத்தில் வந்து நிற்கிறது: அக்டோபரோடு இந்த விண்டோஸுக்கு ஆதரவு முடிகிறதாம், புதியதற்கு மாற வேண்டுமாம், ஆனால் என் கம்ப்யூட்டருக்கு அதற்குத் தகுதி இல்லையாம். விடிந்ததும் இப்படி ஒரு மரியாதை.

இவர் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "நம்மளப் பார்த்துச் சொல்ற மாதிரியே இருக்கு புனிதா." சிரித்துக்கொண்டுதான் சொன்னார், எனக்குத்தான் சுருக்கென்றது. ஷா ஆலாமில் ஏர்கோன், அதாவது ஏசி, செய்யும் தொழிற்சாலையை மூடி மார்ச்சில் இவரை வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து மனிதர் வாசல் தாண்டுவதில்லை. கோயிலுக்குக் கூப்பிட்டால் முட்டி வலி, கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் தலைவலி. ஜனங்களின் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம், வலியெல்லாம் ஒன்றும் கிடையாது.

27 செப்டம்பர், சனி

பிரிக்பீல்ட்ஸ் மலர்விழி டீச்சர் வந்து ரவிக்கை தைக்க அளவு கொடுத்தார். அவருடைய மாணவிகளின் நடன அரங்கேற்றம் அக்டோபர் 11. எல்லா ரவிக்கைக்கும் முதுகில் மயில். ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சைஸ். பெரிய மயிலைச் சும்மா சுருக்கினால் தோகையில் நூல் மேல் நூல் ஏறிக் கட்டி கட்டியாகிவிடும். ஒவ்வொன்றையும் எம்பிராய்டரி மென்பொருளில் திறந்து தையலைத் திருத்த வேண்டும்.

அந்த மென்பொருளைச் சுபாங் ஜெயா கம்பெனியில் தையல் மெஷினோடு சேர்த்து வாங்கினேன். ஒரே ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் உரிமம். நான் இதுவரை வரைந்த அத்தனை டிசைனும் அதில் மட்டும்தான் திறக்கும். அது திறப்பதற்குள் குக்கர் மூன்று விசில் அடித்து ஓய்ந்துவிட்டது. வாய்விட்டே திட்டினேன். சமையலறையில் இவர் வெங்காயம் நறுக்கும் சத்தம் கொஞ்சம் நின்று, பிறகு தொடர்ந்தது.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. தையல் மெஷின், கத்தரிக்கோல், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்தாகிவிட்டது. நாளைக் காலை வரை எதையும் தொடப்போவதில்லை. பாதி மயில்கள் பாக்கி, இருந்தாலும் இந்த ஒரு நாள் எனக்குப் பிடிக்கும்.

கீழ்வீட்டு இராஜம்மா அக்காவோடு கோயிலுக்குக் கிளம்பினேன். இவருக்கு முட்டி வலி.

2 அக்டோபர், வியாழன்

என்ன சொல்ல. எங்கிருந்து ஆரம்பிக்க.

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் திரை வந்துவிட்டது. பின்னால் இவர், பல்லெல்லாம் தெரிய. "எப்படி? சர்ப்ரைஸ் லா!"

நான் பூஜை நாளில் தொடமாட்டேன் என்று தெரிந்து, அந்த நாளாகப் பார்த்து வேலையைக் காட்டியிருக்கிறார். இணையத்தில் பழைய புரோசசர் ஒன்றை வாங்கி ஒளித்து வைத்திருந்தாராம். கோயிலுக்கு நான் படியிறங்கியதும் பெட்டியைத் திறந்து மாட்டியிருக்கிறார். அச்சாகப் பொருந்தியது, ஆனால் திரை கறுப்பு. தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்கு ஓடியிருக்கிறார். கடைக்காரர் சொன்னாராம், கம்பெனியில் கட்டி விற்கிற பெட்டி இது, இதன் மதர்போர்டுக்குள் எழுதியிருக்கும் பயோஸ் என்கிற தொடக்க நிரலுக்குத் தன்னோடு வந்த வரிசை புரோசசரைத்தான் தெரியும், அளவு ஒத்துப்போனாலும் அடுத்த தலைமுறையை அதற்கு அடையாளம் தெரியாது, புதுப்பித்தாலும் பயனில்லை என்று. போர்டையே மாற்றியாகிவிட்டது. பழைய போர்டையும் பழைய புரோசசரையும் கடையிலேயே கொடுத்துவிட்டார், என் ஹார்டு டிஸ்க் மட்டும் அப்படியே இருக்கிறது.

பெட்டியின் நெற்றியில் நான் வைத்த பொட்டு அப்படியே இருக்கிறது. உள்ளே ஆள் வேறு.

மென்பொருளைத் திறந்தேன். "இந்தக் கணினி பதிவு செய்யப்பட்டதல்ல." இன்னொரு முறை. அதே வரி. திரை மூலையில் விண்டோஸும் தனக்கு உரிமம் இல்லை என்று மங்கலாக எழுதிக்கொண்டு நிற்கிறது.

"ஐயோ, என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க! என் மயிலெல்லாம் போச்சு! ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?" – கத்திவிட்டேன். அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து இறங்கியதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் கத்தினேன்.

3 அக்டோபர், வெள்ளி

பசியாறக் கூப்பிட்டேன். வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். "வெளியதான் ஒண்ணுக்கும் உதவல, வீட்லயும் அப்படித்தான்" என்றார், சுவரிடம்.

ஆர்டர் போனால் போகட்டும், டீச்சர் காலில் விழுந்தாவது சமாளிப்பேன். இந்த மனுஷர் மறுபடி சுருண்டுக்கிட்டா நான் என்ன செய்யறது? மாசக்கணக்கா வெளிய போகாத ஆள், எனக்காகத்தானே பெட்டியத் தூக்கிக்கிட்டுக் கடைத்தெரு வரைக்கும் ஓடினாரு. அதுக்கு நான் கொடுத்த பரிசு அந்தக் கத்தல்.

4 அக்டோபர், சனி

சுபாங் ஜெயா கம்பெனிக்குப் போன் செய்தேன். மிஸ் ஓங் இரண்டு முறை "ஐயோயோ" என்றார், நம்மைவிட நன்றாகவே. உரிமம் பழைய போர்டின் அடையாளத்தோடு கட்டியதாம். மாற்றுவதற்கு முன்னால் பழையதிலேயே மென்பொருளைத் திறந்து 'திருப்பிக் கொடு' என்று அழுத்தியிருக்க வேண்டுமாம். அப்படிச் செய்யாவிட்டால் வெளிநாட்டுத் தலைமையகத்துக்கு எழுத வேண்டும், பதில் வரத் தீபாவளி தாண்டிவிடும். "பழைய போர்டு உயிரோடு இருந்தால் உங்கள் ஹார்டு டிஸ்க்கை அதில் ஒருமுறை மாட்டி ஓட்டினால் போதும்" என்றார்.

படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் கள்ளர். சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் வந்தார். போர்டும் புரோசசரும் செட்டாக அன்றைக்கே விற்றுப்போய்விட்டன. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடை, கல்லாவில் பில் போடும் கம்ப்யூட்டருக்கு.

5 அக்டோபர், ஞாயிறு

ஹார்டு டிஸ்க்கை டவலில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு ரயிலில் போனோம். இவர் பையை மடியிலிருந்து இறக்கவேயில்லை. பிள்ளை பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போதுகூட இவ்வளவு பத்திரமாகப் பிடித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

சாப்பாட்டுக் கடை முதலாளி நசீருதீன் பாய் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "போர்ட திருப்பித் தர முடியாதுண்ணே. இப்பதான் பில் ஒழுங்கா வருது. ஞாயித்துக்கிழமை கூட்டம் வேற, பாருங்க." உண்மைதான், பிரியாணிக்கு வாசல் வரை வரிசை. நான் பேச வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் முந்திக்கொண்டார், அத்தனை பேருக்கு முன்னால், சத்தமாக.

"போர்டு உங்களுக்கே பாய். அரை மணி நேரம் விட்டாப் போதும். இவங்களக் கேக்காம நான்தான் தொறந்தேன், தப்பு என்னோடது. இவங்க இத்தன வருஷமாப் போட்ட டிசைன் எல்லாம் அதுக்குள்ள மாட்டிக்கிச்சு. பிள்ளைங்க சனிக்கிழமை மேடை ஏறணும்."

பாய் இவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பொண்டாட்டியக் கேக்காம செஞ்சீங்களா?"

"ஆமா பாய்."

"உள்ள வாங்கண்ணே" என்றார். கல்லாவில் இருந்த அவர் மனைவி ஷப்னம் சத்தமாகச் சிரித்துவிட்டார். "இவருக்கு ரொம்பப் பழக்கமான கேசு அக்கா இது! நான் கையாலயே பில் எழுதுறேன், நீங்க பாருங்க."

கூட்டம் எட்டிப் பார்க்க, இவர் கல்லாவுக்கடியில் மண்டியிட்டுத் திருகாணி கழற்றினார். முட்டி வலிக்கவில்லை போலிருக்கிறது. எங்கள் டிஸ்க்கை மாட்டினார். என் பழைய விண்டோஸ், அதே ஆமை வேகத்தில் – திட்டத் தோன்றவில்லை. மென்பொருள் திறந்தது. மயில் வந்தது. அங்கேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. 'திருப்பிக் கொடு' அழுத்தினேன். கடை வைஃபையில் அது பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருந்தது. வரிசையில் ஒரு ஆன்டி சாமி பேரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார், என்ன விஷயம் என்று தெரியாமலே. கடைசியில் 'உரிமம் விடுவிக்கப்பட்டது' என்று வந்தது.

பாயின் டிஸ்க்கை மாட்டிக் கொடுத்து, உள்ளே இருந்த தூசியெல்லாம் தட்டி, ஒயரை ஒழுங்காகக் கட்டிய பிறகுதான் இவர் எழுந்தார். பில் முன்போலவே வந்தது. போர்டோடு என் விண்டோஸ் உரிமமும் பாய்க்கே போய்விட்டது. புதியதற்கு நாங்கள் தனியாக வாங்க வேண்டும், பரவாயில்லை. பிரியாணி கட்டிக் கொடுத்தார்கள். காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

ரயிலில் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "கத்திட்டேன், மன்னிச்சிருங்க" என்றேன். "அடுத்த வாட்டி கேட்டுட்டே கெடுக்குறேன்" என்றார்.

6 அக்டோபர், திங்கள்

புதுப் போர்டில் மென்பொருள் பதிவாகிவிட்டது. மயில் பறக்கிறது. எழுத நேரமில்லை.

9 அக்டோபர், வியாழன்

விரல் எல்லாம் ஊசிக்குத்து. இவர் நூல் கோர்த்துக் கொடுக்கிறார், நீலம் கேட்டால் பச்சையைக் கோர்க்கிறார். ஷா ஆலாமில் எப்படித்தான் ஏர்கோன் குளிர்ந்ததோ!

11 அக்டோபர், சனி

மேடைக்குப் பின்னால் கடைசி நிமிடம் வரை ஊக்கு குத்திக்கொண்டிருந்தேன். முதல் பாட்டுக்குப் பிள்ளைகள் அவையோருக்கு முதுகு காட்டி நின்றுதான் ஆரம்பித்தார்கள். விளக்கு வந்ததும் மண்டபமே "ஆ" என்றது. நான் திரை இடுக்கில் ஒளிந்து நின்று கேட்டேன்.

முடிவில் மலர்விழி டீச்சர் மைக்கில் என் பெயரைச் சொல்லி என்னை மேடைக்கு இழுத்துவிட்டார். பொன்னாடை போர்த்தினார்கள். கீழே பார்த்தால், முன் வரிசையில் இவர் மட்டும் எழுந்து நின்று கைதட்டுகிறார். உட்கார்ந்திருந்த கூட்டம் முழுக்க இவரைத் திரும்பிப் பார்க்கிறது. "உட்காருங்க, மானம் போகுது" என்று சைகை காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு இன்னும் பலமாகத் தட்டினார்.