வெங்காயச் சவ்வுக்குள் அடுக்கியிருந்த வீடுகள்

அக்கா,

இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் என் விரல்களில் வெங்காய வாசனை போகவில்லை. இன்று ஏழாம் வகுப்பில் செல் பாடம். வீட்டுக்கு வந்து காபி டம்ளரை வாயருகே கொண்டு போனபோது காபிக்கு முன்னால் வெங்காயம்தான் மணத்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால், "காபி ஆறுது பாருங்க சார், குடிச்சிட்டு எழுதுங்க" என்று சொல்லியிருப்பீர்கள். ஆறினால் ஆறட்டும்.

காலாண்டு விடுமுறை முடிந்து இரண்டாம் பருவப் புத்தகங்கள் வந்து மூன்று வாரம் ஆகிறது. இந்தப் பருவத்தில் என்னென்ன பாடம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெப்பம், மின்னோட்டம், வட்டத்தின் சுற்றளவு, செல். நீடாமங்கலத்தைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் இப்போது சம்பா நடவு. அப்பாவும் அம்மாவும் முழங்கால் சேற்றில் நிற்க, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் உட்கார்ந்து, கம்பிக்குள் எலக்ட்ரான் எப்படி ஓடுகிறது என்று கேட்கிறார்கள். எத்தனை பெரிய விஷயம் இது! வருடா வருடம் நடத்தி நடத்தி எனக்கு அது மரத்துப் போயிருந்தது. மரத்துப் போனதைக் கிள்ளி விட்டவர் நீங்கள்தான்.

நான் இந்தப் பள்ளிக்கு வந்தபோது நீங்கள் சத்துணவு சமைக்க ஆரம்பித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஏழாம் வகுப்புக்கும் சமையல் கூடத்துக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அதன் உச்சியில் காற்றுக்காக நான்கு ஓட்டை போட்ட சிமெண்ட் பலகை. அந்த வழியாக உங்கள் தாளிப்பு எங்களுக்கு வரும். எங்கள் பாடம் உங்களுக்கு வருகிறது என்பது மட்டும் எனக்கு வெகுநாள் உறைக்கவே இல்லை.

முதல் வருடமே அது வெடித்தது. செல்லின் நடுவில் இருப்பது என்ன என்று கேட்டேன். முந்தின நாள்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை. நான் முறைத்துக்கொண்டு நிற்கையில், சுவருக்கு மேலிருந்து, "உட்கரு சார்" என்று குரல் வந்தது. வகுப்பே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "அக்கா, நீங்க சாம்பாரைக் கவனிங்க, பாடத்தை நான் பாத்துக்கறேன்" என்று கத்தினேன். பிள்ளைகள் இன்னும் உரக்கச் சிரித்தார்கள், இந்த முறை உங்களைக் கேலி செய்து. சரியான பதில் சொன்ன ஒரே ஆளை நான் அவமானப்படுத்தினேன். அன்றைக்கு அது எனக்கு வெட்கமாகக்கூட இல்லை. அதை நினைத்தால்தான் இன்று வெட்கம்.

அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் கரண்டிச் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டு முட்டையை எண்ணப் போய்விடுவீர்கள். வட்டத்தின் சுற்றளவு நடத்திய வாரம் ஒரு நாள், தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் வந்தேன். நீங்கள் பெரிய அண்டாவைக் கழுவிக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்திருந்தீர்கள். கையில் ஒரு வாழைநார். அண்டாவின் வாய் அகலத்துக்கு அதை நறுக்கி, விளிம்பைச் சுற்றி ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை என்று வைத்துக்கொண்டு வந்தீர்கள். நான் நிற்பதைப் பார்த்ததும் நாரை மடக்கி முந்தானைக்குள் வைத்தீர்கள்.

"மூணு தடவ போயி, கொஞ்சம் மிச்சம் நிக்குது சார்" என்றீர்கள், திருடி மாட்டிக்கொண்டவர் போல. "சின்ன குண்டான்லயும் பாத்தேன். அதுலயும் அதே மிச்சம்தான். நீங்க சொன்னது சரியாத்தான் இருக்கு."

நான் சொன்னது சரியா என்று அதுவரை எந்த மாணவனும் சோதித்துப் பார்த்ததில்லை அக்கா. நானும் பார்த்ததில்லை. புத்தகத்தில் இருந்தது, சொன்னேன். "அன்னிக்கு அப்படிப் பேசினது தப்பு, மன்னிச்சுக்குங்க" என்று மட்டும் சொன்னேன். நீங்கள் பேச்சை வேறு பக்கம் திருப்பினீர்கள்.

அன்றைக்குத்தான் உங்கள் கதை தெரிந்தது. இதே பள்ளியில் ஐந்தாவது வரை படித்துவிட்டு, அம்மாவோடு நாற்றுப் பறிக்கப் போனவர். "ஆறாவது கிளாஸ் ரூமுக்குள்ள நான் கூட்டப்போனதுதான் சார்" என்றீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். பிறகு ஒன்று கேட்டீர்கள்.

"செல் பாடத்துக்கு ஒரு புள்ளைய அனுப்பி எங்கிட்ட வெங்காயம் வாங்குனீங்க. அதுக்குள்ள வீடு வீடா இருக்குன்னு சொல்றீங்க. நானும் இத்தன வருஷமா மூட்டை மூட்டையா உரிச்சிருக்கேன், ஒரு வீட்டையும் காணோம். ஒரே ஒரு தடவ பாக்கணும் சார்."

"காட்டறேன் அக்கா" என்று சொல்லிவிட்டேன். சொல்வது சுலபம்.

பள்ளியில் ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது உண்மை. அது வந்த பெட்டியோடு தலைமையாசிரியையின் பீரோவுக்குள் இருந்தது. வெளியே எடுத்து உடைந்தால் யார் பதில் சொல்வது என்பது அந்த அம்மாவின் பயம். அதனால் நான் வெங்காயத்தை உரித்து, சவ்வை வெறுங்கண்ணுக்குத் தூக்கிக் காட்டி, கரும்பலகையில் செங்கல் சுவர் மாதிரி கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புள்ளி வைத்துப் பாடத்தை முடிப்பேன். மிச்ச வெங்காயம் உங்களிடமே திரும்பி வந்து சாம்பாரில் விழும். மூன்று வருடம் அப்படியே போனது. ஒவ்வொரு ஐப்பசியிலும் வெங்காயத்தைக் கொடுத்துவிடும்போது, "இந்த வருஷமா சார்?" என்று கேட்பீர்கள். "அடுத்த வருஷம் அக்கா" என்பேன். நாலாவது வருடம் நீங்கள் கேட்கவில்லை. வெங்காயத்தை மட்டும் கொடுத்தனுப்பினீர்கள். அதுதான் என்னைச் சுட்டது.

இன்னொன்றையும் உங்களிடம் சொல்லாமலே இருந்துவிட்டேன். நானும் அதுவரை செல்லைப் பார்த்ததில்லை. கல்லூரியில் அறுபது பேருக்கு ஒரு கருவி. வரிசையில் நின்று, முறை வந்ததும் குனிந்து, என் கண் இமை முடியைப் பார்த்துவிட்டு, "தெரியுது சார்" என்று நகர்ந்தவன் நான். முன்னால் போனவனும் அதையே சொன்னான், பின்னால் வந்தவனும் அதையே சொன்னான். தெரியவில்லை என்று சொன்னால் வரிசை நின்றுவிடுமே!

அந்த நாலாவது வருடம் தலைமையாசிரியையிடம் போய், உடைந்தால் நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தார். மூன்று நாள் அடைமழை விட்டு வெயில் அடித்த காலை. வெளிச்சத்துக்காக வராண்டாவில் பெஞ்சு போட்டு, கருவியை வைத்து, அதன் அடியிலிருந்த கண்ணாடியை வானத்துப் பக்கம் திருப்பினேன். சவ்வை உரித்துக் கண்ணாடித் துண்டில் வைத்து, முதலுதவிப் பெட்டியிலிருந்த அயோடினில் ஒரு சொட்டு விட்டு, மேலே மெல்லிய மூடு கண்ணாடியைத் தொப்பென்று போட்டேன். குனிந்து பார்த்தேன். பளபளவென்று வட்டங்கள், கறுப்பு விளிம்போடு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "பாருங்க, அதான் செல்!" என்றேன்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். "தெரியுது சார்." "தெரியுது சார்." கரும்பலகையில் கட்டமாக இருந்தது இங்கே ஏன் வட்டமாக இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

நீங்கள் சோறு வடித்துவிட்டு, கையைக் கழுவி, ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு கடைசியாக வந்து நின்றீர்கள். குனிந்தீர்கள். எல்லாரும் இரண்டு வினாடி பார்த்த இடத்தில் நீங்கள் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். நிமிர்ந்தபோது முகத்தில் சந்தோஷம் இல்லை.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இது காத்துக் குமிழி மாதிரில்ல இருக்கு? உலை கொதிக்கையில நெதமும் பாக்கறேனே. அடியில மாட்டிக்கிட்ட குமிழி சார் இது. வெங்காயம் தெரியல."

முப்பது பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். பழைய வாக்கியம் அப்படியே நாக்கு நுனிக்கு வந்தது, அக்கா. நீங்க சாம்பாரைக் கவனிங்க. அதைச் சொல்லியிருந்தால் வகுப்பு சிரித்திருக்கும், நீங்கள் உள்ளே போயிருப்பீர்கள், குமிழி செல்லாகவே இருந்திருக்கும். எப்படியோ வாயை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தேன். கண்ணாடித் துண்டை லேசாக நகர்த்தினேன். மூடு கண்ணாடியை விரலால் தட்டினேன். வட்டங்கள் வழுக்கி ஓடின, இரண்டு சேர்ந்து ஒன்றாயின. குமிழிதான்.

"அக்கா சொல்றது சரி. சார் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை. அப்போது ஒரு பெண் மெதுவாக, "சார், எனக்கும் ஒண்ணும் தெரியல சார், சும்மா சொன்னேன்" என்றாள். "எனக்கும் சார்", "எனக்கும் சார்" என்று வராண்டா முழுக்க எழுந்தது. நீங்கள் அவர்களைப் பார்த்து, "தெரியலன்னா தெரியலன்னு சொல்றதுக்கு என்ன கண்ணு?" என்றீர்கள். என்னைத் திட்டியது போலத்தான் இருந்தது. திட்டவில்லை என்று தெரியும்.

பிறகு நீங்கள்தான் சொன்னீர்கள். "அந்தக் கண்ணாடிய மேலேருந்து போடாதீங்க சார். இட்லித் தட்டுல ஈரத்துணி விரிப்போம்ல, ஒரு ஓரத்த மொதல்ல ஒட்டி, மெல்ல சாச்சு விடணும். காத்து அந்தப் பக்கமா வெளிய போயிடும்." உரித்ததும் நீங்கள்தான். நான் உரித்தது தடியாகவும் மடங்கியும் இருந்தது. உங்கள் விரலில் வந்தது மூச்சுப் பட்டால் பறக்கும் போல் இருந்தது. ஓரத்தை ஒட்டினேன், சாய்த்தேன். கருவியின் திருகை மெல்லத் திருப்பினேன்.

வந்தது, அக்கா. வரிசை வரிசையாக, ஓர் இம்மி இடம் விடாமல், நீளநீளமான அறைகள். ஒவ்வொன்றிலும் பழுப்பாக ஒரு புள்ளி. நான் வருடக்கணக்கில் கரும்பலகையில் வரைந்த படம் நிஜமாகவே உலகத்தில் இருந்தது. நான் பார்ப்பதற்கு முன்பும் இருந்தது, உங்கள் அரிவாள்மணையில் தினமும் நறுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. கண்ணை எடுக்க எனக்கு மனமே இல்லை. எடுத்து உங்களுக்கு வழிவிட்டேன்.

நீங்கள் எவ்வளவு நேரம் குனிந்திருந்தீர்கள் என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு பிள்ளையும் அவசரப்படுத்தவில்லை. கருவியிலிருந்து முகத்தை எடுக்காமலே பேசினீர்கள்.

"எவ்வளவு நறுவிசா அடுக்கியிருக்கு பாத்தீங்களா. ஒண்ணுகூட கோணல. இதையா சார் நான் அழுதுகிட்டே உரிச்சேன்?" சற்றுப் பொறுத்து, "சார், என் கையிலயும் இப்படித்தானா?" என்றீர்கள்.

"ஆமாக்கா. உங்க கை, என் கை, நெல்லு, வாழை, எல்லாம்."

நீங்கள் நிமிர்ந்து உங்கள் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். சூடு பட்ட தழும்பும் வெங்காயக் கறையும் உள்ள கை. அதை யாரோ அன்றைக்குத்தான் உங்களுக்குக் கொடுத்தது போல் பார்த்தீர்கள். பிறகு கேட்டீர்கள்: "யாரு சார் இதை இப்படி அடுக்குனது?"

நான் மளமளவென்று ஏதோ சொன்னேன். செல் பிரிதல், ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். மேல் வகுப்புப் பாடத்தையெல்லாம் இழுத்துப் போட்டேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க சார்" என்று உள்ளே போனீர்கள். அன்றைக்குச் சாப்பாடு தாமதம். தலைமையாசிரியை நம் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினார்.

அடுத்த கோடை விடுமுறையில் குடவாசலில் என் வீட்டில் இருந்தபோது போன் வந்தது. உங்களுக்கு நெஞ்சு வலி என்றார்கள், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே என்றார்கள். நான் வந்து சேர்ந்தபோது உங்களைக் கிடத்தியிருந்தார்கள். உங்கள் மகள் என்னை அடையாளம் கண்டுகொண்டு அழுதாள். "வீட்ல வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் அம்மா கைய நிறுத்திடும் சார். உள்ள வீடு இருக்குடின்னு சொல்லும்." நான் உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

இப்போது கருவி பீரோவில் இல்லை. வகுப்பில், சமையல் கூடத்துச் சுவரை ஒட்டிய மேசையில் இருக்கிறது. வரிசையில் முதல் ஆள் பிள்ளை இல்லை, வெங்காயம் கொடுத்த ஆள். உங்களுக்குப் பின் வந்த அக்கா முதலில் கூச்சப்பட்டார், இப்போது அவரே கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுகிறார். மூடு கண்ணாடியைச் சாய்க்கும்போது இட்லித் துணி என்று நான் சொல்ல ஆரம்பித்தாலே பிள்ளைகள் மீதியைச் சொல்லிவிடுகிறார்கள்.

இன்று ஒரு சின்னப் பெண், நடவு வேலைக்குப் போகிறவர்களின் மகள், கண்ணை வைத்த உடனே, "தெரியல சார்" என்றாள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! திருகைத் திருப்பிக் கொடுத்தேன். "தெரியல சார்." இன்னும் கொஞ்சம். சட்டென்று அவள் மூச்சை இழுத்துக்கொண்ட சத்தம் கேட்டது. வரிசை காத்திருந்தது. அவள் முகத்தை எடுக்காமலே கேட்டாள்:

"சார், இதையெல்லாம் யாரு சார் அடுக்கி வச்சது?"

சுவருக்கு அந்தப் பக்கம் உலை கொதித்துக்கொண்டிருந்தது. செல் பிரிதல் என்று சொல்ல வாய் போய்விட்டது, அக்கா. நிறுத்திக்கொண்டேன்.

"எனக்கும் தெரியலம்மா" என்றேன். அன்றைக்கு உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.