பன்னிரண்டாம் தேதி

மார்ச் 6, வெள்ளி

காலை ஏழுக்கே வெயில் சுடுகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை 240. ஊசி போட்டாயிற்று.

பள்ளிப் பலகையில் 'வரலாற்றில் இன்று' எழுதும் வேலை இந்த வருடமும் என் தலையில். ஒரு விஞ்ஞானி பிறப்பு, ஒரு தலைவர் மறைவு, எங்கோ ஒரு பாலம் திறப்பு. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி: "டீச்சர், உங்க பொறந்த நாள் எப்பங்க?"

வருகிற பன்னிரண்டு என்றேன். கை தட்டினாள்.

எங்கள் வீட்டில் அது செந்தில் போன நாள். அண்ணன். நாலு வயது. அம்மா என்னைப் பெற ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் தோட்டத்துக் கிணற்றில் விழுந்தான். இப்படித்தான் சொல்லி வளர்த்தார்கள். திதி பார்ப்பதில்லை, அம்மாவுக்கு இங்கிலீஷ் தேதிதான். வருடா வருடம் அவன் படத்துக்குப் படையல். எனக்கு ஒரு தடவைகூட ஒரு மிட்டாய் கிடையாது.

மார்ச் 8, ஞாயிறு

வாங்க வேண்டியது: பஞ்சு, அம்மாவுக்குக் கால் களிம்பு, தேங்காய் 2.

சிங்கப்பூரில் மகளுக்கு மே மாதம் பிரசவம். எனக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழில் ஜூன் 1 (அந்தக் கால ஹெட்மாஸ்டர் எல்லாருக்கும் போட்டது), ஆதாரில் மார்ச் 12. பிறப்புப் பதிவை எடுத்து வரச் சொல்லிவிட்டார் ஏஜென்ட். செவ்வாய் அரை நாள் லீவு.

அம்மா கட்டிலில் இருந்தபடி: "பன்னெண்டாந்தேதி புதுத்துணி கிதுத்துணி உடுத்தாத அம்மணி. நல்லாவா இருக்கும்?"

என்றைக்கு உடுத்தினேன்?

மார்ச் 9, திங்கள்

பாத்ரூம் குழாய் ஒழுகல். பிளம்பர் வரவில்லை. வேறொன்றுமில்லை.

மார்ச் 10, செவ்வாய்

பதிவு அலுவலகம். பழைய புத்தகம், தொட்டால் ஓரம் உதிர்கிறது. கிளார்க் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"ஏனுங் டீச்சர், ஒம்பதுன்னுல்ல இருக்குதுங்க?"

பெண் குழந்தை. அப்பா பெயர் சரி, அம்மா பெயர் சரி, ஊர் சரி. தேதி மட்டும் மார்ச் 9. இறப்புப் புத்தகத்தையும் பார்க்கச் சொன்னேன். செந்தில், ஆண், வயது நாலு. மார்ச் 12. அதே வருடம்.

"மூணு நாளு வித்தியாசம்ங்க" என்றார், அவர் ஏதோ தப்புச் செய்துவிட்டது போல.

நேற்றுதான் என் பிறந்த நாள். குழாய் ஒழுகியது.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து கோபியில் இருக்கும் அத்தைக்குப் போன் செய்தேன். அப்பாவின் தங்கை. புத்தகத்தில் இருந்த இரண்டு தேதியையும் சொன்னேன். அத்தை:

"நீ பொறந்த மறுநாளே ஊட்டுக்குக் கூட்டியாந்துட்டாங்க கண்ணு. அதுக்கு ரெண்டு நாளு கழிச்சுப் பையன் பாப்பாவத் தூக்கோணும்னு ஒரே அடம். உங்கம்மா அவன வெளிய தள்ளிக் கதவச் சாத்திப்போட்டா. நான் துணி தொவச்சுட்டு வந்து பாக்கறேன், கதவு சாத்துனது சாத்துனபடியே இருக்குது. பையனக் காணோம்."

"எனக்கு ஏன் சொல்லலீங்க?"

"உங்கப்பந்தான் வேண்டாம்னான். அவ மனசு தாங்காதுன்னு. நீ பச்சப்புள்ள, உனக்கென்ன தெரியப்போவுதுன்னு உட்டுப்போட்டோம்."

மார்ச் 11, புதன்

அப்பாவுக்கும் தெரியும். சாகும்வரை தெரியும். என்னை சைக்கிளில் வைத்துப் பள்ளிக்குக் கூட்டிப் போன அப்பா.

அம்மாவுக்கு 260. நேற்றுப் போட்டுக் கன்றிப்போன இடத்திலேயே ஊசியை இறக்கினேன். வலிக்கும் என்று தெரியும். "ஆ" என்றாள். பஞ்சை வைத்து அழுத்தினேன், அதுவும் பலமாக.

மதியம் கடைக்குப் போய் நீலப் புடவை ஒன்று.

மார்ச் 12, வியாழன்

மாமா, சித்தி, சித்தி மகன் வந்திருந்தார்கள். வடை, பொங்கல், ஓலைப் பக்கோடா எல்லாம் நான் செய்தது. நீலப் புடவையில் வந்து விளக்கேற்றினேன். அம்மா பார்த்தாள். வழக்கமான வசனம் வந்தது: "இவ வந்தா, அவன் போய்ட்டான்." சித்தி வழக்கம் போல உச்சுக் கொட்டினாள்.

"நான் வந்தது ஒம்பதாந்தேதிங்கம்மா" என்றேன். "புத்தகத்துல பாத்துட்டு வந்தேன். பன்னெண்டாந்தேதி நீங்க ஊட்லதான இருந்தீங்க? கதவ யாருங்க சாத்துனது?"

சித்தி மகன் போனைக் கீழே வைத்தான். அம்மா என்னைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தாள். மறுப்பாள் என்று நினைத்தேன். அழுவாள் என்றும்.

"நீ கத்தீட்டே கெடந்த. அவனும் கத்துனான். மண்ட வெடிச்சுரும் போல இருந்துச்சு." படத்தைப் பார்த்தபடியே: "உன்னயத்தான் வெளிய போட்டிருக்கோணும். ஆளு மாறிப்போச்சு."

"சாமி முன்னால இதென்ன பேச்சு" என்று மாமா கை கழுவ எழுந்தார். இலை போட்டேன். எல்லாரும் சாப்பிட்டார்கள். சித்தி இரண்டாம் தடவை பொங்கல் கேட்டாள்.

மார்ச் 13, வெள்ளி

பொள்ளாச்சி ரோட்டில் முதியோர் இல்லம் ஒன்று. போனில் விசாரித்தேன். கீழ்த்தளம், ஊசி போட நர்ஸ் உண்டு, ஏப்ரலில் இடம் இருக்கிறது. சரி என்றுவிட்டேன்.

ஊசி போடும்போது அம்மாவிடம் சொன்னேன். இன்று வலிக்காத இடம். என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு நினைவு தெரிந்து முதல் தடவை.

"எத்தன நாளைக்கு அம்மணி?"

"தெரியாதுங்க."

"சிங்கப்பூர்லிருந்து வந்து கூட்டிட்டுப் போயிருவீல்ல? எந்தத் தேதின்னு சொல்லு. நான் பாத்துட்டு இருப்பனல்ல."

கையை விடுவித்துக்கொண்டேன்.

"உங்களுக்கு எதுக்குங்க நான் தேதி சொல்லோணும்? நீங்களே ஒண்ணு வெச்சுக்கங்க."